“மேலிடம்” என்பது யார்?
அரச அலுவலகங்கள் இயங்கும் முறையும் அவற்றைக் கட்டுப்படுத்தும் சட்டமும்: ஓர் அறிமுகம்

புத்தளம் – கற்பிட்டி வீதியோரக் கிராமம் ஒன்றில், பிறருடைய வெங்காயத் தோட்டத்தில் கூலிக்கு வேலை செய்யும் பெரியவர் ஒருவர் இருக்கிறார். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில் மன்னார் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து, மனைவி பிள்ளைகளுடன் வள்ளத்தில் ஏறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கியவர். ஊரில் அவருடைய தந்தைக்கு இரண்டு ஏக்கர் வயல் அரசாங்க அனுமதிப்பத்திரத்தில் இருந்தது. அந்தப் பத்திரம் ஓடி வந்த அவசரத்தில் வீட்டிலேயே விடுபட்டுப் போயிற்று. இப்போது அந்த வயலைத் தம் பிள்ளைகளின் பெயருக்கு மாற்ற வேண்டும் என்பது அவர் ஆசை.

இங்குள்ள ஓர் அலுவலகத்தில் அவருக்குக் கிடைத்த பதில் இது:

“நானா, உங்கட விசயம் இங்க செய்ய ஏலாது. நீங்க மன்னார் ஆக்கள். அங்க போய்க் கேளுங்க.”

அங்கே போனார். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போயின. அங்கே கிடைத்த பதில்:

“நீங்க இப்ப புத்தளத்தில தானே இருக்கிறீங்க? மேலிடத்தில கேட்டுத்தான் சொல்லலாம், ஐயா.”

“மகன், மேலிடம் எண்டா ஆரு?” என்று பெரியவர் கேட்டார். எழுதுவினைஞர் சிரித்துவிட்டு அடுத்தவரை அழைத்தார்.

பெரியவர் கேட்டது மிக நல்ல கேள்வி. முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இடம்பெயர்ந்து வாழும் எத்தனையோ குடும்பங்களின் நிவாரணமும், வீடும், காணியும், வாக்கும் இந்த “மேலிடம்” என்ற ஒரு சொல்லுக்குள் மறைந்து போயிருக்கின்றன. அந்தச் சொல்லைத் திறந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். அரச அலுவலர்கள் எந்த அதிகாரத்தில் முடிவெடுக்கிறார்கள், அந்த முடிவு பிழையானால் மக்கள் என்ன செய்யலாம் என்பதைக் கூறும் சட்டத்திற்கு நிர்வாகச் சட்டம் என்று பெயர். சட்டத்தரணிகளுக்கு மட்டுமே உரிய விடயம் என்று இதை நாம் ஒதுக்கிவிடக் கூடாது. வரிசையில் நிற்பவர்கள் நாம்தான்.

அதிகாரம் எங்கிருந்து வருகிறது?

அரச அலுவலர் எவருக்கும் சொந்த அதிகாரம் என்று ஒன்று கிடையாது. அவருக்கு இருப்பது சட்டம் கொடுத்த அதிகாரம் மட்டுமே. கிணற்று நீர் வாய்க்கால் வழியே பாத்திக்கு வருவது போல, அதிகாரமும் ஒரு வழியில் இறங்கி வருகிறது.

எல்லாவற்றுக்கும் மேலே அரசியலமைப்பு. அதற்குக் கீழே பாராளுமன்றம் இயற்றும் சட்டங்களும், பிரித்தானியர் காலத்திலிருந்து வரும் கட்டளைச் சட்டங்களும். அவற்றுக்குக் கீழே அமைச்சர் வர்த்தமானியில் வெளியிடும் ஒழுங்குவிதிகளும் கட்டளைகளும். அதற்கும் கீழே திணைக்களங்கள் அனுப்பும் சுற்றுநிருபங்கள். கடைசியாக, அலுவலர் உங்கள் விண்ணப்பத்தில் எடுக்கும் முடிவு.

கீழே உள்ளது மேலே உள்ளதை மீற முடியாது. சுற்றுநிருபம் சட்டத்தை மாற்ற முடியாது. அமைச்சர் தொலைபேசியில் சொன்ன வார்த்தை வர்த்தமானியை மாற்ற முடியாது. ஆகவே “மேலிடம்” என்று யாராவது சொன்னால் நாம் பணிவாகக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று:

1. இந்த முடிவை எடுக்கும் அதிகாரமுள்ள அலுவலர் யார்? அவருடைய பதவிப் பெயர் என்ன?
2. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின் கீழ் அவர் முடிவெடுக்கிறார்?
3. சுற்றுநிருபம் இருந்தால் அதன் இலக்கமும் திகதியும் என்ன?

இம்மூன்றுக்கும் விடை கிடைத்தால் “மேலிடம்” என்பது முகமும் முகவரியும் உள்ள ஓர் அலுவலராகிவிடும். அவருக்கு நாம் கடிதம் எழுதலாம்.

யாருக்கு எந்த வேலை?

தவறான கதவைத் தட்டுவதால் வீணாகும் நாட்கள் பல. எனவே கதவுகளை அறிந்திருப்பது நல்லது.

கிராம உத்தியோகத்தர்: பழைய விதானைமாரின் இடத்திற்கு 1963இல் கொண்டுவரப்பட்ட பதவி இது. இவர் வதிவிடத்தை உறுதிப்படுத்துவார், அறிக்கை கொடுப்பார், சிபாரிசு செய்வார். பெரும்பாலான விடயங்களில் இறுதி முடிவு இவருடையது அல்ல. “ஜீ.எஸ். மறுத்துவிட்டார்” என்று பலர் அத்துடன் நின்றுவிடுகிறார்கள். சிபாரிசு மறுக்கப்பட்டால் பிரதேச செயலாளருக்கு எழுத்தில் முறையிடலாம்.

பிரதேச செயலாளர்: முன்பு உதவி அரசாங்க அதிபர் என்று அழைக்கப்பட்டவர். 1992ஆம் ஆண்டின் 58ஆம் இலக்கச் சட்டம், முன்பு கச்சேரியில் அரசாங்க அதிபரிடம் இருந்த அதிகாரங்கள் பலவற்றை இவருக்கு மாற்றியது. அரச காணி அனுமதிப்பத்திரம், காணிப் பதிவேடு, நலன்புரி உதவிகள் ஆகியவை இவரது அலுவலகத்தில் உள்ளன.

பிரதேச சபை: பெயர் ஒன்றுபோல இருப்பதால் இதையும் பிரதேச செயலகத்தையும் மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள். பிரதேச செயலகம் மத்திய அரசின் அலுவலகம். பிரதேச சபை 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த, நாம் வாக்களித்துத் தெரிவு செய்யும் சபை. உள்ளூர் வீதி, வடிகால், குப்பை, சந்தை, கட்டட அனுமதி ஆகியவற்றுக்கு இதுவே பொறுப்பு.

மாவட்டச் செயலகம்: இன்றும் நாம் கச்சேரி என்று அழைப்பது. மாவட்டத்திலுள்ள பிரதேச செயலகங்களை ஒருங்கிணைக்கிறது.

கமநல சேவை நிலையம்: 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் இயங்குகிறது. வயற்காணிப் பதிவு, குத்தகைச் செய்கையாளரின் உரிமை, உர மானியம் போன்றவை இங்கே. உங்கள் தந்தை ஊரில் வயல் செய்தார் என்பதற்கு இங்குள்ள பழைய பதிவேடும் சான்றாகலாம்.

இவற்றுக்கு அப்பால் வனத் திணைக்களம், வனசீவராசிகள் திணைக்களம், கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம் என்பன உள்ளன. ஒரே காணிக்கு இரண்டு மூன்று திணைக்களங்கள் உரிமை கோருவது நம் பகுதியில் புதிதல்ல. ஒரு திணைக்களம் தந்த கடிதம் மற்றத் திணைக்களத்தைக் கட்டுப்படுத்தாது. இதை அறியாததால் ஏற்பட்ட துன்பம் ஒன்றை அடுத்துப் பார்ப்போம்.

மறிச்சுக்கட்டி தரும் பாடம்

முசலிப் பிரதேசத்து மறிச்சுக்கட்டி, கரடிக்குளி போன்ற கிராமங்களின் மக்கள் 1990இல் வெளியேற்றப்பட்டுப் புத்தளம் மாவட்டத்தில் வாழ்ந்தார்கள். ஆளில்லாத ஊர்களில் காடு வளர்ந்தது. 2009இல் யுத்தம் முடிந்தது. மக்கள் முழுமையாகத் திரும்புவதற்கு முன்னரே, 2012 ஒக்டோபரில் அப்பகுதியின் பெரும்பரப்பு வர்த்தமானி மூலம் ஒதுக்குக் காடாகப் பிரகடனம் செய்யப்பட்டது. பின்னர் மீள்குடியேற்றத்திற்கென்று அக்காட்டின் ஒரு பகுதி நிர்வாக முடிவின் மூலம் விடுவிக்கப்பட்டது. காடு வெட்டப்பட்டது. வீடுகள் எழுந்தன. 2017 மார்ச்சில் மாவில்லு, வெப்பல், மறிச்சுக்கட்டி முதலிய பகுதிகள் சேர்ந்து ஏறக்குறைய 40,000 ஹெக்டேயர் பரப்பு மீண்டும் காடாக வர்த்தமானியில் வந்தது. மக்கள் வீதியோரத்தில் அமர்ந்து எதிர்ப்புத் தெரிவித்தார்கள்.

இதற்கிடையே சூழல் அமைப்பு ஒன்று 2015இல் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தது. 2020 நவம்பர் 16ஆம் திகதி தீர்ப்பு வந்தது. கல்லாறு ஒதுக்குக் காட்டுப் பகுதியை அவ்வாறு விடுவித்தது சட்டத்திற்கு முரணானது என்று நீதிமன்றம் கூறியது. அழிக்கப்பட்ட பரப்புக்கு ஈடாக மரம் நடும்படியும், அதன் செலவை அக்காலத்தில் அமைச்சராயிருந்த ஒருவர் ஏற்கும்படியும் கட்டளையிட்டது.

இந்தத் தீர்ப்பைப் பற்றி மக்களிடம் பல கருத்துக்கள் உண்டு. தம் பாட்டன் பூட்டன் வாழ்ந்த மண் எப்படிக் காடாயிற்று என்று கேட்பவர்களின் வேதனை நியாயமானது. மரங்களைக் காக்க வேண்டும் என்பதும் உண்மை. அந்த விவாதம் ஒருபுறமிருக்க, நமக்கு இதில் இரண்டு பாடங்கள் உள்ளன.

முதலாவது: அதிகாரமில்லாதவர் கொடுத்த அனுமதி, எவ்வளவு பெரியவர் கொடுத்தாலும், வழக்கு வரும் நாளில் நிலைக்காது. அடிக்கல் நாட்டியவர் பெயர் கல்வெட்டில் இருப்பது உறுதி ஆகாது.

இரண்டாவது: வர்த்தமானி வெளிவரும்போதே விழித்துக்கொள்ள வேண்டும். 2012இல் இடம்பெயர்ந்து வாழ்ந்த மக்களில் எத்தனை பேர் அந்த வர்த்தமானியைக் கண்டிருப்பார்கள்? நம் காணிகள் இருக்கும் பிரதேசம் பற்றி என்ன பிரகடனம் வருகிறது என்று பார்ப்பதற்கு, ஒவ்வொரு கிராம அமைப்பும் படித்த இளைஞர் ஒருவரையாவது நியமிக்க வேண்டும்.

நிர்வாகச் சட்டத்தின் நான்கு அடிப்படைகள்

நீதிமன்றங்கள் ஓர் அலுவலரின் முடிவைப் பரிசீலிக்கும்போது, “இந்த முடிவு நல்லதா?” என்று பெரும்பாலும் கேட்பதில்லை. “இந்த முடிவு சரியான முறையில் எடுக்கப்பட்டதா?” என்றே கேட்கின்றன. அதற்கு நான்கு அளவுகோல்கள் உள்ளன.

ஒன்று: அதிகார எல்லை. சட்டம் கொடுத்த எல்லைக்குள் அலுவலர் நின்றாரா? மறிச்சுக்கட்டி விடயத்தில் நாம் பார்த்தது இதுதான்.

இரண்டு: கேட்டல். ஒருவருடைய உரிமையைப் பாதிக்கும் முடிவை எடுக்குமுன் அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். 1863இல் இலண்டனில் ஒரு வழக்கு நடந்தது. கூப்பர் என்பவர் உரிய அறிவித்தல் கொடுக்காமல் வீடு கட்டுகிறார் என்று சொல்லி, வோன்ட்ஸ்வேர்த் உள்ளூர்ச் சபை அதை இடித்துத் தள்ளியது. சட்டத்தில் இடிக்க அதிகாரம் இருந்தது. விசாரிக்க வேண்டும் என்று எழுதியிருக்கவில்லை. ஆயினும் நீதிபதிகள் கூப்பரின் பக்கமே தீர்ப்பளித்தார்கள். அப்போது அவர்கள் நினைவூட்டியது 1723ஆம் ஆண்டின் ஒரு பழைய தீர்ப்பை. ஏதேன் தோட்டத்தில் கடவுளே ஆதாமுக்குத் தண்டனை கொடுக்குமுன் அவனை அழைத்து, என்ன செய்தாய் என்று கேட்டார் அல்லவா என்பது அதன் கருத்து. ஆதாமின் கதை வேதாகமத்தை வாசிப்போருக்கும் குர்ஆனை ஓதுவோருக்கும் தெரிந்த கதைதான். நம் நாட்டு நீதிமன்றங்களும் இந்தக் கொள்கையையே பின்பற்றி வருகின்றன.

மூன்று: பக்கச்சார்பின்மை. தன் சொந்த விடயத்தில் தானே நீதிபதியாக ஒருவரும் இருக்க முடியாது. வீடு பெறும் குடும்பங்களைத் தெரிவு செய்யும் குழுவில் இருப்பவர் தன் உறவினருக்கு வீடு ஒதுக்கினால், அத்தெரிவைக் கேள்விக்கு உட்படுத்தலாம்.

நான்கு: காரணமும் நோக்கமும். மறுப்பதானால் காரணம் சொல்ல வேண்டும். தொழில் ஆணையாளரின் முடிவு ஒன்று பற்றிய கருணாதாச வழக்கில், 1997இல் உயர் நீதிமன்றம் இதை வலியுறுத்தியது. விசாரணை நடத்திவிட்டுக் காரணத்தை மறைத்தால் அந்த விசாரணைக்குப் பொருளில்லை. அதுபோல, ஒரு நோக்கத்திற்காகச் சட்டம் கொடுத்த அதிகாரத்தை வேறு நோக்கத்திற்குப் பயன்படுத்தக் கூடாது. பத்தரமுல்லையில் பொதுத் தேவைக்கென எடுக்கப்பட்ட காணி, கோல்ப் மைதானம் அமைக்கத் தனியாருக்குப் போயிற்று. 2008 ஒக்டோபரில் உயர் நீதிமன்றம் அந்தக் கைமாற்றத்தைச் செல்லாததாக்கி, முன்னாள் ஜனாதிபதி ஒருவரை 30 இலட்சம் ரூபா செலுத்தும்படி கட்டளையிட்டது. அரச அதிகாரம் என்பது மக்கள் சார்பில் பொறுப்பாக வைத்திருக்கும் ஒன்று என்பதே அதன் அடிப்படை.

விவசாயிகள் வென்ற ஒரு வழக்கு

“நீதிமன்றம் பணக்காரருக்குத்தானே?” என்று கேட்கலாம். அனுராதபுரம் மாவட்டத்தில் எப்பாவலை என்ற ஊர் உள்ளது. அங்கு பொஸ்பேற்றுப் படிவுகள் இருக்கின்றன. 1990களில் அவற்றைப் பெருமளவில் அகழ்ந்தெடுக்க அமெரிக்கக் கம்பனி ஒன்றுடன் ஒப்பந்தம் செய்ய அரசாங்கம் ஏற்பாடு செய்தது. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வயலையும் வீட்டையும் இழக்கும் நிலை. அவ்வூர் மக்கள் ஆறு பேரும், அங்குள்ள விகாரையின் பிக்கு ஒருவரும் சேர்ந்து உயர் நீதிமன்றம் சென்றார்கள்.

2000 ஜூன் 2ஆம் திகதி தீர்ப்பு வந்தது. தகுந்த ஆய்வு நடத்தி, அதை மக்கள் அறிய வெளியிட்டு, சுற்றாடல் சட்டத்தின்படி அங்கீகாரம் பெறும்வரை ஒப்பந்தம் செய்யக் கூடாது என்று நீதியரசர் அமரசிங்க எழுதினார். ஒப்பந்தம் கைச்சாத்திடப்படவே இல்லை. ஆயினும், நடக்கப்போகும் உரிமை மீறலைத் தடுக்க நீதிமன்றம் முன்வந்தது. ஏழு பேர் சேர்ந்து கேட்டதால் ஓர் ஊர் முழுவதும் காப்பாற்றப்பட்டது.

கவனிக்க வேண்டிய இரண்டு கடதாசிகள்

முதலாவது, வெளியேறும் அறிவித்தல். மக்கள் இதைக் “குயிட் நோட்டீஸ்” என்பார்கள். அரச காணியில் அனுமதியின்றி இருப்பவரை அகற்ற, 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க அரச காணிகள் (உடைமை மீளப்பெறுதல்) சட்டத்தின் கீழ் இது வழங்கப்படுகிறது. குறைந்தது 30 நாள் தவணை இருக்கும். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றத்தில் வழக்கு வரும்.

இங்கே ஒரு கசப்பான உண்மையைச் சொல்ல வேண்டும். மேலே கூறிய “கேட்டல்” என்ற அடிப்படை இச்சட்டத்தில் குறைக்கப்பட்டுள்ளது. அறிவித்தலுக்கு முன் உங்களை விசாரிக்கத் தேவையில்லை என்று சட்டமே கூறுகிறது. நீதவான் முன்னிலையிலும் “முப்பது வருடமாக இங்கேதான் இருக்கிறோம்” என்று சொல்வதால் பயனில்லை. செல்லுபடியான அனுமதிப்பத்திரம் அல்லது அரசின் வேறு எழுத்துமூல அதிகாரம் உண்டா என்பதே கேள்வி. எனவே முகாம் காணியிலோ அரச காணியிலோ வாழும் குடும்பங்கள், அறிவித்தல் வரும் வரை காத்திராமல் இப்போதே எழுத்துமூல ஆவணத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும். அறிவித்தல் வந்துவிட்டால் ஒரு நாளும் தாமதிக்காமல் சட்டத்தரணியைக் காணுங்கள். அறிவித்தல் சட்டவிரோதமானால், அதை ரத்துச் செய்ய மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் உறுதிகேள் எழுத்தாணை கேட்கலாம். அரச காணி பற்றிய இத்தகைய எழுத்தாணையை மாகாண மேல் நீதிமன்றத்தில் கேட்க முடியாது என்று உயர் நீதிமன்றம் 2013இல் தீர்ப்பளித்துள்ளது.

இரண்டாவது, காணி எடுத்தல் அறிவித்தல். தனியார் உறுதிக் காணியைப் பொதுத் தேவைக்கு எடுக்க 1950ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கக் காணி எடுத்தற் சட்டம் இடமளிக்கிறது. நுரைச்சோலை அனல் மின்நிலையம் வந்தபோது இப்பகுதி மக்கள் காணி எடுத்தலைக் கண்ணால் கண்டார்கள். இதில் படிகள் பல உண்டு. 2ஆம் பிரிவு அறிவித்தல் என்றால் அளந்து பார்க்க வருகிறார்கள் என்று பொருள். 4ஆம் பிரிவு என்றால் ஆட்சேபனை சொல்லும் காலம். 5ஆம் பிரிவு என்றால் எடுப்பதென்று முடிவாகிவிட்டது. 7ஆம் பிரிவு என்றால் நட்டஈடு கோருவோர் தம் உரித்தை எழுதிக் கொடுக்க வேண்டும். ஆட்சேபனையை 4ஆம் பிரிவுக் காலத்தில் சொல்லாமல் நட்டஈட்டு விசாரணையில் சொன்னால் பயன் குறைவு. அவசரத் தேவை என்றால் 38ஆம் பிரிவின் கீழ் விரைவாகவே காணியைப் பொறுப்பேற்கவும் முடியும். வேறு மாவட்டத்தில் வாழும் சொந்தக்காரருக்கு இந்த அறிவித்தல்கள் எட்டாமல் போகலாம். எனவே உங்கள் இன்றைய முகவரியை, காணி உள்ள பிரதேச செயலகத்திற்குப் பதிவுத் தபாலில் அறிவித்து வையுங்கள்.

படிப்படியாகச் செய்ய வேண்டியவை

முதற்படி, எழுத்து. வாயால் கேட்டால் வாயால் பதில் வரும். ஒரு பக்கக் கடிதம் எழுதுங்கள். திகதி, பெயர், முகவரி, கேட்பது என்ன என்பன போதும். பிரதி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நேரில் கொடுத்தால் பிரதியில் திகதி முத்திரை கேளுங்கள், இல்லையேல் பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். தமிழிலேயே எழுதலாம். சிங்களம் நிர்வாக மொழியாகவுள்ள பிரதேசத்திலும் தமிழில் தொடர்புகொள்ளவும் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அது மறுக்கப்பட்டால் அரச கரும மொழிகள் ஆணைக்குழுவுக்கு முறையிடலாம்.

இரண்டாம் படி, தகவல் கோரல். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் உள்ளது. ஒவ்வொரு அலுவலகத்திலும் தகவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. விண்ணப்பத்தைப் பெற்றதற்கு எழுத்தில் அத்தாட்சி தர வேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று முடிவு சொல்ல வேண்டும். மறுத்தாலோ பதில் வராவிட்டாலோ, 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு மேன்முறையீடு செய்யலாம். அதிலும் நியாயம் கிடைக்காவிட்டால், இரண்டு மாதங்களுக்குள் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்குப் போகலாம். காணிப் பதிவேட்டின் பிரதி, வீட்டுத்திட்டப் பயனாளிகள் பட்டியல், தெரிவுக்குரிய புள்ளி முறை, சுற்றுநிருபத்தின் பிரதி ஆகியவற்றை இவ்வழியில் கேட்கலாம்.

மூன்றாம் படி, முறைப்பாடு. நிர்வாகத்துக்கான பாராளுமன்ற ஆணையாளர், அதாவது ஒம்புட்ஸ்மன், 1981ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இயங்குபவர். ஆரம்பத்தில் பாராளுமன்ற உறுப்பினர் மூலமே அவரை அணுக முடிந்தது. 1994இன் திருத்தத்திற்குப் பின் நாமே நேரடியாக எழுதலாம். இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழு 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. இவ்விரண்டும் செய்வது விதந்துரை. கட்டளையிடும் அதிகாரம் நீதிமன்றத்திற்கே உண்டு. ஆனால் செலவில்லாத வழி இது.

நான்காம் படி, நீதிமன்றம். அடிப்படை உரிமை மீறப்பட்டால் அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரையின்படி உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்யலாம். ஆனால் ஒரு மாதத்திற்குள் செய்ய வேண்டும். இந்தத் தவணையை மறவாதீர்கள். அந்த ஒரு மாதத்திற்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டிருந்தால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. ஆயினும் விசாரணை உண்மையில் நடந்தது என்பதற்கு ஆதாரம் கேட்கப்படும். ஆகவே அதை நம்பிச் சும்மா இருக்கக் கூடாது. அலுவலரின் முடிவை ரத்துச் செய்யவோ, அவர் செய்யத் தவறிய கடமையைச் செய்விக்கவோ மேன்முறையீட்டு நீதிமன்றத்தின் எழுத்தாணை உண்டு. இதற்குத் தவணை எழுதப்படாவிட்டாலும், தாமதித்தவருக்கு நீதிமன்றம் உதவத் தயங்கும். வசதியற்றோருக்கு 1978இல் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு உதவுகிறது.

தவணை தவறினால் உரிமை போகும் என்பதற்கு ஓர் உதாரணம். யுத்தத்தால் காணியை விட்டுப் போனவர்களின் காணியை வேறொருவர் பத்து வருடம் ஆண்டு, ஆட்சியுரிமை கோருவதுண்டு. இதைத் தடுக்க 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (விசேட ஏற்பாடுகள்) சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கில் சேர்க்காமல் வழக்கிட அது வழி தந்தது. ஆனால் அதற்கும் குறுகிய காலமே கொடுக்கப்பட்டிருந்தது. அச்செய்தி எட்டாத குடும்பங்கள் பல.

இரண்டு ஊர், ஒரு பெயர்

நம் குடும்பங்களின் தனிப் பிரச்சினை, இங்கும் இல்லாமல் அங்கும் இல்லாமல் போவது. வாக்குப் பதிவை வடக்கில் வைத்திருந்தால் இங்கே உதவி கேட்கும்போது “நீங்கள் இவ்விடத்தவர் அல்ல” என்கிறார்கள். இங்கே பதிந்தால் அங்கே காணி கேட்கும்போது “நீங்கள் திரும்பி வரவில்லையே” என்கிறார்கள். இடம்பெயர்ந்தோர் தம் பழைய ஊரிலேயே வாக்காளராகப் பதிய இடமளித்து, 2013ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. ஆனால் வாக்காளர் பதிவு வேறு, காணி உரிமை வேறு, வதிவிடச் சேவை வேறு. வாக்குப் பதிவு இல்லை என்ற ஒரே காரணத்தால் ஒரு விண்ணப்பம் மறுக்கப்பட்டால், எந்தச் சட்டம் அப்படிக் கூறுகிறது என்று எழுத்தில் கேளுங்கள். எங்கே வாழ்வது என்று தெரிவு செய்யும் சுதந்திரம் 14ஆம் உறுப்புரையிலும், சட்டத்தின் முன் சமத்துவம் 12ஆம் உறுப்புரையிலும் உள்ளன.

பெரியவரின் கதை

தொடக்கத்தில் கூறிய பெரியவருக்கு, கிராம அபிவிருத்திச் சங்கத்து இளம்பெண் ஒருவர் தகவல் கோரும் விண்ணப்பம் எழுதிக் கொடுத்தார். தந்தையின் பெயர், ஊர், வயலின் பெயர் ஆகியவற்றைக் குறிப்பிட்டுக் காணிப் பதிவேட்டின் பிரதியைக் கேட்டார்கள். பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். முதலில் பதில் வரவில்லை. மேன்முறையீடு எழுதிய பின் ஒரு கடித உறை வந்தது. அதற்குள் பழைய பதிவேட்டின் ஒரு பக்கப் பிரதி. தந்தையின் பெயர், துண்டு இலக்கம், இரண்டு ஏக்கர்.

பெரியவர் அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாராம். “வாப்பாட பேர் அழியல்ல” என்று மட்டும் சொன்னாராம்.

வயல் இன்னும் கைக்கு வரவில்லை. பின்னுரிமையாளரைப் பதிய வேண்டும். இவ்விடயத்தில் ஆண்மக்களுக்கு முன்னுரிமை கொடுத்த காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் பழைய ஒழுங்கு 2022இல் திருத்தப்பட்டு விட்டதால், மகள்மாரின் உரிமையையும் பார்க்க வேண்டும். காட்டு எல்லைக்குள் அந்தத் துண்டு அகப்பட்டிருக்கிறதா என்று வேறொரு திணைக்களத்திடம் கேட்க வேண்டும். வேலை நிறைய இருக்கிறது. ஆனால் இப்போது அவர் போவது “மேலிடத்திற்கு” அல்ல. பெயரும் பதவியும் உள்ள ஓர் அலுவலரிடம், கோவை இலக்கம் எழுதிய கடிதத்துடன் போகிறார்.

ஒவ்வொரு குடும்பமும் ஒரு கோவை ஆரம்பிக்கட்டும். பிறப்பு, விவாகச் சான்றிதழ்கள், பழைய பங்கீட்டு அட்டை, நிவாரண அட்டை, பாடசாலை விடுகைப் பத்திரம், காணிக் கடதாசிகள், அனுப்பிய கடிதங்களின் பிரதிகள் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்திருங்கள். பிரதி ஒன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள். ஒருமுறை வெறுங்கையுடன் வந்தவர்களுக்கு இதன் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

குழுக் கலந்துரையாடலுக்கு:

1. நம் கிராமத்தில் “மேலிடம்” என்று சொல்லித் தாமதமான விடயங்கள் எவை? ஒவ்வொன்றிலும் முடிவெடுக்க வேண்டிய அலுவலர் யார்?
2. நாம் குடியிருக்கும் காணிக்கு என்ன எழுத்துமூல ஆவணம் உண்டு? இல்லாதவர்கள் எத்தனை குடும்பங்கள்?
3. தகவல் கோரும் விண்ணப்பம் எழுதத் தெரிந்தவர்கள் யார்? மற்றவர்களுக்கு அவர்கள் எப்போது கற்றுக்கொடுப்பார்கள்?